புதன் பின்னேரம் இரண்டு மணித்தியாலம்: கொழும்பு ரியூசன் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன தவணை உங்களில் ஒருவரின் வகுப்புக்கு ஒரு பையன் மீசையோடு வந்திருப்பான். கண்மையால் வரைந்த மீசை, இடது பக்கம் கொஞ்சம் அழிந்திருக்கும். அவன்தான் எங்கள் நாடகத்தின் அரசன். அன்று இரண்டு மணிக்கு ஒத்திகை தொடங்கினோம். இரண்டே காலுக்கு மந்திரி மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டரைக்கு வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. அரசன், மந்திரி, காவலர் எல்லாரும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மேடையில் மிஞ்சியது ஒரு புலவரும் அட்டையில் செய்த சிம்மாசனமும்தான். ஓடிய அரசனிடம் "முகத்தையாவது கழுவிவிட்டுப் போ" என்றேன். "மூன்று மணிக்குக் கணிதம் ரீச்சர், பிந்தினால் சேர் உள்ளே விடமாட்டார்" என்றான்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நாடகக் குழுவுக்குப் பொறுப்பாக இருப்பவள் நான். உங்களோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. நாங்கள் முடிக்காத பாடங்களை நீங்கள் முடித்துக் கொடுக்கிறீர்கள், அது எங்கள் குறை. என் மகளும் விஞ்ஞானத்துக்கு ரியூசன் போகிறாள். சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடம், பிறகு உயர்தரம், பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது பெற்றோர் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் பாடசாலை ஒன்றரைக்கு விட்ட பிறகு இருக்கும் நேரம் முழுவதும் உங்களுடையதாகிவிட்டது. விவாதக் குழு, சாரணர், தமிழ் மன்றம், வாத்தியக் குழு, வலைப்பந்து எல்லாம் உங்கள் நேரசூசியின் இடுக்குகளில்தான் உயிர்வாழ்கின்றன. திங்கள் ஒருவனுக்குக் கணிதம், செவ்வாய் இன்னொருத்திக்கு ஆங்கிலம். பதினாறு பேர் நடிக்கும் நாடகத்துக்குப் பதினாறு பேரும் சேர்ந்து நிற்க ஒரு பின்னேரம் கிடைப்பதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் மட்டும் வீட்டில் விடுவார்கள். சான்றிதழ் கிடைக்குமே! அது முடிந்த அடுத்த நாளே வான் பழையபடி வாசலில் நிற்கும்.

"இதெல்லாம் இல்லாவிட்டால் என்ன நட்டம் ரீச்சர்?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா கேட்டார். தலைமைத்துவம், ஆளுமை விருத்தி என்று பரிசளிப்பு விழாச் சொற்கள் இரண்டை எடுத்து விட்டிருக்கலாம். எனக்கோ எங்கள் பொருளாளர்தான் ஞாபகத்துக்கு வந்தாள். தரம் 10 மாணவி. உடுப்புக்கும் அட்டைக்குமாக 4,300 ரூபாயை அவளிடம் கொடுத்திருந்தோம். தாயோடு புறக்கோட்டைக்குப் போய்த் துணி வாங்கி வந்தாள். கணக்குப் பார்த்தால் 180 ரூபாய் துண்டு விழுந்தது. நான் போட்டுவிடுகிறேன் என்றேன், கேட்கவில்லை. மூன்று நாள் இடைவேளையில் பற்றுச்சீட்டுகளை மேசையில் பரப்பிவைத்துத் தேடினாள். பசை வாங்கிய கடையில் சீட்டே தரவில்லை என்பதைக் கடைசியில் கண்டுபிடித்தாள். அதன் பிறகு சீட்டு வாங்காமல் அவள் எந்தக் கடையிலிருந்தும் வெளியே வந்ததில்லை. வணிகக் கல்வியில் அவளுக்கு எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகளின் பூர்வீகம் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பலவிதம். ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் கரும்பலகையைப் பார்த்தபடி. விட்டதும் வான், வகுப்பு, மாடி வீடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைப்பது ஒத்திகையில்தான். எதிரிப் படை வந்துவிட்டதை அறிவிக்கும் காவலன் யாழ்ப்பாணப் பேச்சில் "வந்திட்டினம்" என்றான். மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளையான மந்திரிக்கு அது சிரிப்பாக இருந்தது, "வந்துட்டாங்க" என்று திருத்தினான். எது சரி என்று இரண்டு கிழமை தர்க்கம். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் காவலன் ஒருவிதமாகவும் மந்திரி இன்னொருவிதமாகவும் சொல்வது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். மேடையில் அந்த இடத்துக்குத்தான் கைதட்டல் விழுந்தது.

பாடவிதானத்துக்கு வெளியே நடப்பதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நாட்டுக்கூத்தைப் புதிதாக மேடையேற்றினார். பரீட்சைக்காக யாரும் அதில் ஆடவில்லை. இன்று நாடகமும் அரங்கியலும் உயர்தரத்தில் ஒரு பாடம். அதற்கும் ரியூசன் இருக்கிறது என்பது வேறு கதை.

மேடையில் மிஞ்சிய புலவரை மறந்துவிடாதீர்கள். அவனை வகுப்புக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை, அதனால் எல்லா ஒத்திகைக்கும் வருவான். மற்றவர்கள் உங்களிடம் ஓடும்போது அவனுக்கென்று இருக்கும் ஒரே மேலதிக வகுப்பும் கலைந்துபோகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தரம் 9, தரம் 10 பிள்ளைகளுக்குப் புதன்கிழமை நாலு மணிக்கு முன் வகுப்பு வைக்காதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். "நான் மட்டும் நிறுத்தினால் பிள்ளைகள் வேறு ஆசிரியரிடம் போய்விடுவார்களே" என்று நீங்கள் யோசிப்பது விளங்குகிறது. அதனால்தான் தனித்தனியாகக் கேட்காமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே மேலதிக வகுப்புகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் தடை போடுகிறது. அப்போது எல்லாரும் ஒரே நாளில் நிறுத்துவதால் யாருடைய பிள்ளையும் இன்னொருவரிடம் போய்விடுவதில்லை. அந்த ஒற்றுமையில் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம், திணைக்களம் சொல்லாமலே.

பாடசாலைகள் எல்லாம் புதனைச் சங்கங்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்று அதிபர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே எனக்குக் கிடைப்பது தலையாட்டல் மட்டும்தான். அவர்களுக்கு வேறொரு மடல் எழுத வேண்டும்.

அடுத்த தவணைக்கு நேரசூசி போடும்போது நாலு பேர் சேர்ந்து கதைத்துப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் தரம் 11ஐ நான் கேட்கவே இல்லை. அவ்வளவு பேராசை எனக்கு இல்லை.

இப்படிக்கு,
மீசைக்காரனின் நாடக ரீச்சர்
கொழும்பு