தேநீர்க்கடை ஐயாவுக்கு நன்றி

ஞாயிற்றுக்கிழமை காலை, யாங்கோன் காளி கோவில் பக்கத்துத் தேநீர்க்கடை. என் சேகரிப்புக்குப் புதிதாக வந்த மயில் வெள்ளி நாணயத்தை நண்பனிடம் காட்டிக்கொண்டிருந்தேன். பர்மாவை ஆண்ட மின்டோன் மன்னர் காலத்து ஒரு கியாட், அதாவது பர்மியப் பணம். பர்மிய ஆண்டு 1214, அதாவது 1852-53 என்று பொறித்தது. இரண்டு மாதச் சேமிப்பு அதில் போனது. கறுத்துக் கிடக்கிறதே, வீட்டுக்குப் போனதும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறேன் என்றேன்.

அடுத்த மேசையில் இருந்த நீங்கள் எழுந்தே வந்துவிட்டீர்கள். "தம்பி, தேய்க்காதீங்க. அந்தக் கறுப்புதான் அதன் வயசு."

பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து, மயிலின் தோகைக்கு நேர் மேலே விளிம்பைக் காட்டினீர்கள். மிளகளவு மழுங்கல். யாரோ ஒரு பெண் இதை வளையம் வைத்துச் சங்கிலியில் கோத்து அணிந்திருக்கிறாள், அந்த வளையத்தை உருக்கி ஒட்டிய தடம் அது என்றீர்கள். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. எனக்கு முகம் வாடியது. "போகட்டும், இது அசல்தான்" என்று சொல்லி, சின்னத் தராசில் நிறுத்தும் காட்டினீர்கள்: 11.6 கிராம். பழைய இந்திய ரூபாயின் எடையேதான். அப்புறம் உங்கள் காகித உறை ஒன்றில் போட்டு, விளிம்பைப் பிடித்தே எடுக்கணும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள்.

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். எங்கள் தேநீருக்கும் காசு கொடுத்திருந்தீர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஐயா, நாணயம் அதே உறையில் கறுப்பாகவே இருக்கிறது. ஞாயிறுதோறும் அதே மேசையில் இருப்பேன். இந்த முறை தேநீர் என் கணக்கு.