மூடிய வழுவை மீண்டும் திற

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

வணக்கம். இங்கே அனைவரும் நலம்; அம்மா உன்னை விசாரித்தார். நெடுநாள் எழுதாத நான் இப்போது எழுதக் காரணம், லினக்ஸில் ஒரு மாடல் மடிக்கணினியில் ஹெட்போனுக்கு ஒலி வராத அந்த வழுவை (மென்பொருள் பிழை அறிக்கையை) நீ மூடிவிட்டாய் என்பதுதான். சதுரங்கத்தில் தோற்கப்போகும்போதும் நீ இப்படித்தான் பலகையை மடித்து வைப்பாய்.

அறிக்கை தந்தவரைப் புதிய பதிப்பில் சோதிக்கச் சொல்லியும் பதில் வரவில்லை என்றும், ஒலியைக் கையாளும் பழைய மென்பொருளான பல்ஸ்ஆடியோ போய்ப் புதிய பைப்வயர் வந்தபின் பழைய வழுவுக்கு வேலையில்லை என்றும் காரணம் எழுதியிருக்கிறாய். குவிந்து கிடக்கும் அறிக்கைகளுக்கு நடுவே உயிருள்ளவற்றைத் தேடும் தன்னார்வலரின் பாடு எனக்குத் தெரியும். ஆகவே முதல் காரணத்தில் நியாயம் உண்டு. இரண்டாவதை ஏற்க முடியாது. லினக்ஸ் வகைகளான ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பிலும், உபுண்டு 2022-இல் 22.10-இலும் பைப்வயருக்கு மாறியது உண்மைதான், ஆனால் பழையதற்கும் புதியதற்கும் அடியில் இருப்பது கெர்னலின் (லினக்ஸின் மையக்கருவின்) ஒலி அடுக்கான அதே அல்சா அல்லவா? அந்த மடிக்கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ், ஒலிச் சில்லின் ஹெட்போன் முனையை 'இணைப்பு இல்லை' என்று குறித்து வைத்திருக்கிறது. அந்தச் சில்லை இயக்கும் டிரைவர் அதை அப்படியே நம்புவதால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அல்சாமிக்சரில் ஹெட்போனுக்கான பட்டையே தோன்றுவதில்லை.

கோயில் தமிழ் வகுப்புக்கு நன்கொடையாக வந்தவை அதே மாடல் கணினிகள்தாம். புதிய கெர்னல் போட்ட பிறகும், ஹெட்போன் மாட்டிய சிறுமியின் காதில் ஒன்றும் விழாமல், அவளுடைய எழுத்துக்கூட்டும் பாடம் ஸ்பீக்கரில் வகுப்பு முழுவதற்கும் ஒலித்தது. அவள் செருகியை உருவி, ஊதிவிட்டு, மறுபடி செருகிப் பார்த்தாள். வீட்டில் ஆங்கிலமே புழங்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதுவழி வந்தால்தான் உண்டு என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முனைகளின் குறிப்பை மாற்ற உதவும் ஹெச்டிஏ ஜாக் ரீடாஸ்க் கருவியில் அந்த முனையை ஹெட்போன் என்று மாற்றிக் கணினியை மீண்டும் தொடங்கியதும் ஒலி காதுக்கு வந்தது; ஸ்பீக்கர் தானாக அடங்கியது. இந்த மாற்றுவழியைக் குறித்துவிட்டு மூடலாமே என்று நீ வாதிடுவாய். ஒவ்வொரு கணினியிலும் விவரம் தெரிந்த ஒருவர் கைவைக்க வேண்டியிருக்கும்வரை அது தீர்வாகாது. கெர்னலில் மாடல்வாரியாக இருக்கும் திருத்தப் பட்டியலில் இந்த மாடலின் அடையாள எண்ணோடு சில வரிகளைச் சேர்த்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும்.

அறிக்கை தந்தவர் மௌனமானதால் பழுது நீங்கிவிடவில்லை. அவர் அலுத்துப்போய் வேறு கணினி வாங்கியிருக்கலாம். அடுத்துத் தேடி வருகிறவரோ 'மூடப்பட்டது' என்பதைப் பார்த்து, கோளாறு தன் கணினியில் மட்டும்தான் என்று எண்ணித் திரும்பிவிடுவார். இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

ஒலி வன்பொருளின் விவரங்களைத் திரட்டும் அல்சா-இன்ஃபோ கருவியின் வெளியீட்டையும் முனைகளின் எண்களையும் இத்துடன் அனுப்புகிறேன். வழுவைத் திற. திருத்தத்தை நான் எழுதுகிறேன். கெர்னல்காரர்களுக்கு அனுப்பும் முன் நீ ஒருமுறை சரிபார்த்துக் கொடு. மறுப்பதானால் எந்த நிலையில் மூடுகிறாய் என்பதையாவது மாற்று: 'தீர்ந்தது' என்று வேண்டாம், 'சரிசெய்யப்படவில்லை' என்றே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்