செயலாளரின் ஆண்டறிக்கை: அயல்நாட்டு இனப்படுகொலையும் சேலத்துக் குடிமக்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எங்கோ நடக்கும் இனப்படுகொலையைச் சேலத்தில் இருந்துகொண்டு நாம் எப்படித் தடுப்பது என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு விடை தேடுவதிலேயே இவ்வாண்டு கழிந்தது. கூட்டங்கள் பதினொன்று நடைபெற்றன. ஏற்காட்டில் கூடுவதாக இருந்த மே மாதக் கூட்டம், கோடைக்கால நெரிசலில் பாதிப்பேர் மலைப்பாதையிலேயே நின்றுவிட்டதால் கைவிடப்பட்டது. இனி மே மாதத்தில் மலையேற வேண்டாம் என்பது என் பணிவான கருத்து.

முதல் மூன்று கூட்டங்களில், 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட இனப்படுகொலை உடன்படிக்கையை வரிவரியாகப் படித்தோம். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையை விட, ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கமே இக்குற்றத்தின் உயிர்நிலை என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. தண்டிப்பதோடு தடுப்பதையும் உறுப்பு நாடுகளின் கடமையாக முதல் விதியே கூறுகிறது. 1995இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் போஸ்னிய செர்பியப் படை முஸ்லிம்களைக் கொன்றது குறித்து 2007இல் தீர்ப்பளித்த சர்வதேச நீதிமன்றம், பேராபத்து இருப்பதை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நேரத்திலிருந்தே இக்கடமை தொடங்குகிறது என்றும், அப்படையிடம் தனக்கிருந்த செல்வாக்கைப் பயன்படுத்தாத செர்பியா அதில் தவறியது என்றும் கூறியது. இந்தியா 1959இல் இந்த உடன்படிக்கையை உறுதிசெய்தது. ஆயினும் நம் குற்றவியல் சட்டத்தில் இனப்படுகொலை தனிக் குற்றமாக இல்லை என்பதை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

செப்டம்பர் கூட்டத்தில், குறுக்குப்பட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் பெரியவர் ஒருவர் பேசினார். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பலைப் பற்றி அவர் சொன்னபோது அரங்கில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. பட்டியலும் ஆயுதக் குவியலும் கொலைக்கு முன்பே வந்துவிடுகின்றன. ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படைத்தளபதி ரோமியோ டலேர், ஆயுதக் கிடங்கைப் பற்றியும் அந்நாட்டின் சிறுபான்மை இனமான துட்சி மக்களின் பெயர்கள் பதிவுசெய்யப்படுவதைப் பற்றியும் 1994 ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். கிடங்கைச் சோதனையிட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரலில் படுகொலை தொடங்கிய பிறகு, பாதுகாப்பு மன்றம் அப்படையைச் சுமார் 270 பேராகக் குறைத்தது. நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் மாண்டனர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தொகுதி மக்களிடமிருந்து நூறு கடிதங்கள் வந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்று அதன் மேலவையில் உறுப்பினராக இருந்த பால் சைமன் பின்னர் வருந்தினார்.

நம் கடிதங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐ.நா. பொதுச்செயலாளருக்கு நாம் அனுப்பிய மூன்று தீர்மானங்களுக்கும் பதில் இல்லை. அவற்றைத் தபாலில் சேர்க்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து மகிழ்ந்தோமே தவிர, யாரிடம் எதைக் கேட்பது என்று யோசிக்கவில்லை. எழுதியவன் என்ற முறையில் அந்தப் பிழை என்னுடையது. ருவாண்டாவின் வானொலி நிலையம் ஒன்று துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்ததைப் படித்த அதே வாரத்தில், ஒரு சமூகத்தையே புழுக்களாகச் சித்திரிக்கும் செய்தி நம் குழுவிலும் வந்தது. அதை நீக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

சூடானைப் பற்றிய கூட்டமே நம்மைச் சரியான முகவரிக்குக் கொண்டுசேர்த்தது. அந்நாட்டு எண்ணெய் வருவாய் தெற்கில் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பயன்படுகிறது என்று கனடாவின் திருச்சபைகளும் மனித உரிமை அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் நெருக்கியதால், கனடாவின் டாலிஸ்மன் எண்ணெய் நிறுவனம் சூடான் எண்ணெய்த் திட்டத்தில் தனக்கிருந்த 25 விழுக்காட்டுப் பங்கை விற்று வெளியேறியது. 2003இல் அதை வாங்கியது நம் அரசுக்குச் சொந்தமான ஓ.என்.ஜி.சி. விதேஷ். சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரில் போர் மூண்டதும் அதே ஆண்டில்தான். கனடாவில் குடிமக்கள் கேட்டார்கள். இங்கே, எனக்கு நினைவு தெரிந்தவரை, நம் ஊரில் எவரும் கேட்கவில்லை. 2019இல் மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா, மியான்மரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோகிங்யா மக்களுக்கு அண்டை நாடுகூட அன்று. அடுத்த ஜனவரியிலேயே இடைக்கால ஆணை பெற்றது. சிறிய நாடு அதைச் செய்யும்போது, பெரிய நாட்டின் வாக்காளர்களாகிய நாம் நம் அரசிடம் கேட்கத் தயங்குவது பொருத்தமன்று.

எனவே செயற்குழு நீண்ட விவாதத்துக்குப் பின் பத்துக் கோரிக்கைகளை ஒரே கேள்வியாகக் குறைத்தது: பொதுத்துறை நிறுவனங்கள் அயல்நாட்டில் முதலீடு செய்யுமுன், அங்கே இனப்படுகொலை ஆபத்து உண்டா என்று ஆராயும் நடைமுறை அரசிடம் இருக்கிறதா? இதை நாடாளுமன்றத்தில் எழுப்புமாறு நம் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதியுள்ளோம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்துக்கும் பத்து ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்பியுள்ளோம். பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் படிக்கப்படும்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நாடாளுமன்ற உறுப்பினருக்கான கடிதத்தின் படிகள் வாயிலருகே மேசையில் உள்ளன. ஒவ்வொருவரும் தம் பெயரில், தம் கையெழுத்தில் ஒன்றை எழுதித் தந்துவிட்டுத் தேநீருக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்