பன்னீருக்கும் பொன்னாடைக்கும் முன்பு ஒரு கேள்வி

மொரீஷியஸ் தமிழ் மாலைப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோர் சங்கத்தாருக்கும்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். அக்டோபர் 5ஆம் நாள் உலக ஆசிரியர் நாள். அதையடுத்து ஆண்டு இறுதிப் பரிசளிப்பு விழாவும் வரும். ஆசிரியர்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று நீங்கள் கூடிப் பேசத் தொடங்கும் காலம் இது. அந்தப் பேச்சு முடிவாகிக் கடைக்கு ஆள் அனுப்பும் முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவள். எனக்கு ஆட்டிசம் (பிறவியிலேயே மூளை வேறு வகையில் இயங்கும் நிலை) உண்டு என்பதை நாற்பது வயதைக் கடந்த பிறகே மருத்துவர் உறுதிசெய்தார். ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவை மற்றவர்களுக்குப் படுவதைவிடப் பல மடங்கு அழுத்தமாக எனக்குப் படுகின்றன.

சென்ற ஆண்டு ஒரு விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி, யார் யார் என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் அனைவரும் அன்பினாலேயே செய்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். மேடைக்கு அழைத்து மல்லிகை மாலையிட்டு, அதன்மேல் பொன்னாடை போர்த்தினார்கள். அதன் சரிகைக் கரை என் கழுத்தின் இடப்பக்கத்தில், சேலை மூடாத இரண்டு விரற்கடை இடத்தில், உரசிக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கி கீச்சிட்டது. மொடமொடக்கும் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய கூடையை என் கையில் கொடுத்து, எல்லாரும் பார்க்க அங்கேயே பிரிக்கச் சொன்னார்கள். உள்ளே வாசனை மெழுகுவத்தியும் நம் தீவின் பெயர்பெற்ற வனிலா தேயிலையும் இருந்தன. முகத்தில் மகிழ்ச்சி காட்டியிருக்க வேண்டிய அந்த நேரத்தில் எனக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகள் அடுக்கி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "நாம் கொடுத்தது மிஸ்ஸுக்குப் போதவில்லை போலிருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னது பிறகு என் காதுக்கு வந்தது. அந்தத் தாய்க்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இது மனப்போக்கோ நாகரிகக் குறைவோ அன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் 5ஆம் பதிப்பு, புலன்வழி வருபவற்றுக்கு அளவுக்கு மிஞ்சியோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2021இல் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமலும் அமைதியாக இருக்க முடியாமலும் போகும் நிலை), டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் இடர்ப்பாடு) போன்றவை உள்ளவர்களையும் சேர்த்து, மூளை வேறு வகையில் இயங்கும் இவர்களை நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். இப்படிப்பட்ட மாணவர்களைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் நாங்கள் நிறையக் கேட்கிறோம். அந்த மாணவர்கள் வளர்ந்து ஆசிரியர்களாகவும் வருவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மணத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்மிடையே மரியாதை பெரும்பாலும் மணமாகவே வருகிறது. பன்னீர், சந்தனம், மல்லிகை, ஊதுபத்தி, இப்போது அவற்றோடு வாசனைச் சோப்பும் கைக்குப் பூசும் கிரீமும். உரசும் துணியைக் கழற்றி வைத்துவிடலாம். மணம் அப்படியன்று, மூடிய வகுப்பறையில் மேசை இழுப்பறைக்குள் வைத்த சோப்பு ஒன்று என்னை மூன்று நாள் தலைவலியோடு பாடம் நடத்த வைத்திருக்கிறது. மணமில்லாத பொருளாகப் பார்த்து வாங்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உறையில் 'மணமற்றது' என்று போட்டிருந்தாலும், மூலப்பொருளின் வாடையை மறைப்பதற்கென்றே நறுமணப் பொருள் சேர்த்திருப்பது உண்டு. 'நறுமணப் பொருள் சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருப்பதைத் தேடி எடுங்கள். பூதான் கொடுக்க வேண்டும் என்றால் நம் தீவிலேயே விளையும் அந்தூரியம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் பாட்டி, தம் வீட்டுத் தோட்டத்து அந்தூரியம் ஐந்தை வாழையிலையில் சுற்றி, வகுப்பு முடிந்தபின் என் மேசையோரம் வைத்துவிட்டுப் போனார். மணமில்லை, காகிதச் சத்தமில்லை, யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவுமில்லை. அந்தச் சிவப்பு மடல்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வாடாமல் நின்றன. எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதற்கு ஈடானதை என்னால் நினைவுகூர முடியவில்லை.

ஆனால் என்னை வைத்து மற்றவர்களை அளந்துவிடாதீர்கள். ஏ.டி.எச்.டி. உள்ள என் தோழி ஒருத்தியும் ஆசிரியைதான். அவளுக்குச் சந்தன மணம் இல்லாமல் விடைத்தாள் திருத்த ஓடாது, விரலில் சுழலும் மோதிரம் ஒன்றை எந்நேரமும் உருட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு ஆகாதது அவளுக்கு மருந்து. வின்னி டன் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சை வல்லுநர் 1997இல் இதை ஒரு கோட்பாடாக வகுத்துக் காட்டினார்: புலனுணர்வைத் தேடிப் போவோரும் அதிலிருந்து விலகிப் போவோரும் உண்டு, ஒருவரே ஒலியை விலக்கி அழுத்தத்தைத் தேடுபவராகவும் இருக்கலாம். ஆகவே 'ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பரிசுகள்' என்று எங்கோ போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. அத்தகைய பட்டியல்களில் முதலில் நிற்கும், உடலை மெல்ல அழுத்தி அமைதி தருவதற்கான எடைப் போர்வையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள போர்வையை, புழுக்கம் மிகுந்த நம் டிசம்பர் மாதத்தில், கடலோரச் சிற்றூரில் வாழும் ஓர் ஆசிரியர் எப்படிப் போர்த்திக்கொள்வார்? குழந்தைகளுக்கான வண்ணப் பிதுக்குப் பொம்மைகளையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவற்றை ஐம்பது வயது ஆசிரியரிடம் நீட்டும்போது அவரை எந்த இடத்தில் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்பறையில் அன்றாடம் வருத்துவது எதுவோ அதைக் குறைக்கும் பொருளே நல்ல பரிசு. சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டினால் எனக்கு உடல் கூசும். அதைப் பொருத்திப் பிடிக்கும் சிறிய உலோகப் பிடி ஒன்று வாங்கிய நாள்முதல் கரும்பலகைப் பக்கம் தயக்கமின்றிப் போகிறேன். பேச்சுக்குரலை விட்டு இரைச்சலை மட்டும் தணிக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன. பழைய சோக்கு வைத்த குழல்விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிப்பவை. அந்தத் துடிப்பு கண்ணை உறுத்துகிற ஒருவருக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மஞ்சள் ஒளி மேசைவிளக்கு பெரிய உதவி. துணி கொடுப்பதானால் காத்ர் போர்ன் நகரச் சந்தையில் பலமுறை துவைத்ததுபோல் மெத்தென்ற பருத்தித் துணி விற்கிறது. தைத்த ஆடையானால் கழுத்துப்பட்டையில் உறுத்தும் சீட்டைத் தையல் பிரித்து எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான். அதையும் எல்லா ஆசிரியர்களிடமும் கேளுங்கள். எனக்கு மட்டும் ஒரு தாளைக் கொடுத்தால், சொல்ல விரும்பாத இன்னொருவர் வாய்மூடியே இருந்துவிடுவார். அனைவருக்கும் ஒரே சீட்டு போனால், ஆஸ்துமா உள்ளவரும் ஒற்றைத் தலைவலிக்காரரும்கூட எந்தக் காரணமும் கூறாமல் 'மணம் வேண்டாம்' என்று குறியிட்டுவிட்டுப் போகலாம். எது ஆகாது, எது பிடிக்கும், மேடையில் பெறவா தனியாகப் பெறவா, மாலையும் பொன்னாடையும் தோளில் வேண்டுமா கையில் போதுமா என்ற நான்கு கேள்விகள் போதும்.

கடைசிக் கேள்வியைப் பெரியவர்கள் சிலர் மரபை மீறுவதாக நினைக்கலாம். பொன்னாடை போர்த்துவது ஒருவரைப் பெருமைப்படுத்துவதற்காகத்தான். அதை மடித்துத் தட்டில் வைத்து நீட்டினாலும் பெருமை குறையாது. வகுப்பிலும் மற்ற இடங்களிலும் நாள்முழுதும் முகத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும் எங்களுக்கு, பலர் முன்னிலையில் எதிர்பாராத பொருளைப் பிரித்து மகிழ்ந்து காட்டச் சொல்வது பரிசாகவே தோன்றுவதில்லை. என்ன வரப்போகிறது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கடை ரசீதையும் உடன் வைத்தால், ஒத்துவராததை மனம் நோகாமல் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கேள்விச் சீட்டை இவ்வாண்டே எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பும்படி வேண்டுகிறேன். என்னுடைய பதில்களை இப்போதே எழுதிவிடுகிறேன். ஆகாதவை: எந்த மணமும், சரிகையும், கண்ணாடிக் காகிதமும். பிடித்தவை: நடுத்தர முனையுள்ள நீலப் பேனா, கோடில்லாத தடித்த தாள் நோட்டு, மாணவர் தம் கையால் தமிழில் எழுதிய நான்கு வரி, பிழை இருந்தாலும் திருத்தாமல் அப்படியே. பெறும் இடம்: என் வகுப்பறை, பிள்ளைகள் போனபின். பொன்னாடை: கையில்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
தமிழாசிரியை ஒருத்தி,
ரோஸ் ஹில்