சனிக்கிழமை பரத்பூர் சைக்கிள் சுற்று

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை ராஜஸ்தான் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் சைக்கிளில் போகிறோம், வேகப் போட்டி கிடையாது, பறவை பார்ப்பதுதான் வேலை.

வாடகை சைக்கிள் வாசலிலேயே கிடைக்கும். எடுத்த உடனே பிரேக்கை அழுத்திப் பாருங்கள், சீட் உயரத்தையும் சரி செய்துகொள்ளுங்கள், உள்ளே போனபிறகு புலம்பிப் பயனில்லை. நடுவில் போகும் தார்ச்சாலை மேடு பள்ளமில்லாதது, யாரும் ஓட்டலாம். இரண்டு பக்கமும் ஏரி மாதிரித் தண்ணீர், அதில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியிருக்கும், குஞ்சுகள் போடும் சத்தம் சாலை வரை கேட்கும். கரை மேலே போகும் மண்பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது, குளிர்காலத்தில் மலைப்பாம்பு வெயில் காய வெளியே வரும் (பயப்பட வேண்டாம், கிட்டே போகாமல் இருந்தால் போதும்).

பூங்காவுக்குப் பெயர் கொடுத்த சிவன் கோயில் வரை போவோம். பக்கத்தில் மகாராஜா காலத்து வேட்டைக் கணக்கைப் பொறித்த கல் இருக்கிறது, 1938 நவம்பரில் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாக அதில் எழுதியிருக்கிறது, அவசியம் படித்துப் பாருங்கள். சைபீரியக் கொக்கைத் தேட வேண்டாம், 2002-க்குப் பிறகு அது இங்கே வரவில்லை.

சைக்கிள் ஓட்ட முடியாத பெரியவர்களுக்கு ரிக்‌ஷா உண்டு, ஓட்டுகிறவர்களே பறவைகளை அடையாளம் காட்டுவார்கள். அப்புறம், ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். வருகிறவர்கள் இன்று இரவுக்குள் பெயர் போடுங்கள்.