இலையில் கொஞ்சம் உமரியும் வையுங்கள்

ஆசிரியருக்கு,

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி பற்றி நிறைய எழுதுகிறார்கள். சந்தோஷம். ஆனால் நம் கரையோர உவர்மண்ணில் தானாக விளையும் உமரிக் கீரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நசுக்கினால் உப்புத் தண்ணீர் கசியும் குட்டிக் குட்டி இலை. இளங்கொழுந்தாகக் கிள்ளி வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். உப்பு தணியாவிட்டால் இன்னொரு தடவை. அப்புறம் சின்ன வெங்காயம், வற்றல் தாளித்து, தேங்காய்ப்பூ தூவிக் கிளறினால் சரி. உப்பு டப்பாவைத் திறக்கவே வேண்டாம்! (ரத்தக்கொதிப்புக்காரர்கள் அளவோடு சாப்பிடட்டும்.) இல்லாதப்பட்டவர் வீட்டுக் கறி என்பதாலோ என்னவோ, இப்போது சொல்லவே கூச்சப்படுகிறார்கள்.

உகா மரமும் இதே கரையில்தான். காரமும் இனிப்புமாகப் பொடிப் பொடிப் பழம். பிள்ளைகள் பறித்துத் தின்றதெல்லாம் சீமைக்கருவேலம் மண்டுவதற்கு முன்பு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கு நண்டு, மீனோடு சாப்பாடு போடும் பெண்கள் ஒரு கரண்டி உமரிப் பொரியலும் வைக்கலாம். எங்கே, எவ்வளவு பறிக்கலாம் என்பதை வனத்துறை சொல்லட்டும். இறால் பண்ணைக் கழிவுநீர் ஓடும் பக்கம் மட்டும் வேண்டாம்.

- ஒரு வாசகர், தொண்டி