சிப்பிங் கம்டனிலிருந்து புறப்படும் மகளுக்கு

அன்பின் மகள் துளசிக்கு,

நாங்கள் நல்ல சுகம். கறிவேப்பிலைக் கன்றை உள்ளே எடுத்து வைத்தாயிற்று. நீ இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட் வே நெடுநடைப் பாதை முழுவதையும் தனிய நடக்கப் போகிறாய் என்று தம்பி சொல்லித்தான் அறிந்தோம். ஏன் இப்போது, ஏன் தனிய என்று நான் கேட்கவில்லை. குளிர்காலத்துக்கு மணிக்கூடு பின்னுக்கு மாறிய பிறகு புறப்படுகிறாய், அதுதான் யோசனை. பின்னேரம் நாலரைக்கு மேல் வெளிச்சத்தை நம்பாதே. காலை எட்டுக்கு முன் சப்பாத்துக் கட்டிவிடு. நெற்றி விளக்கும் மாற்றுப் பற்றரியும் பையின் மேல் பொக்கற்றில் இருக்கட்டும், அடியில் வேண்டாம்.

சிப்பிங் கம்டனிலிருந்து பாத் வரை 102 மைல், 164 கிலோமீற்றர். பத்து நாளாகப் பிரி. ஏழு நாளில் முடிக்கிறவர்களைப் பார்க்காதே. தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பிழையாகிவிடும். ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 100 மீற்றருக்கும் பத்து நிமிடம். வின்ச்கம்மிலிருந்து பெலஸ் நாப் புதைமேட்டுக்கு ஏறத்தாழ 200 மீற்றர் ஏற்றம், அங்கேயே இருபது நிமிடம் கூடிவிடும். நிலம் ஈரமென்றால் எல்லாவற்றோடும் கால்வாசி நேரம் சேர். கம்டன் சந்தை மண்டபம் 1627இல் கட்டியது, பார்க்கத்தான் வேண்டும். முதல் நாளே பார். புறப்படுகிற காலையில் அங்கே நின்றால் நேரம் போய்விடும்.

சேறு எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். மேலே சுண்ணக்கல், கீழே களிமண். மழை கல்லுக்குள்ளால் இறங்கி, களிமண்ணில் முட்டி, ஊற்றாக வெளியே வரும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஸ்டான்ரன், ஸ்டான்வே மாதிரி ஊர்கள் மலையடியில் இருக்கின்றன. ஆகவே தேன் நிறக் கல்வீடுகள் தெரிந்து, வந்துவிட்டோம் என்று கால் தளருகிற கடைசி அரை மைலில்தான் வழுக்கும். இறக்கத்தில் கைத்தடிகளைக் கொஞ்சம் நீட்டிப் பிடி, காலடியைச் சின்னதாக வை. பெயின்ஸ்விக்குக்கு முந்தின பீச் காடுகளில் வேர்களை இலை மூடியிருக்கும்.

வழிகாட்டிக் கம்பத்தில் மஞ்சள் அம்பைக் கண்டவுடன் அந்தப் பக்கம் திரும்பிவிடாதே. மஞ்சள் என்றால் ஏதோ ஒரு நடைபாதை, நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம், அவ்வளவுதான். வின்ச்கம் பக்கத்தில் பல பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓக் கொட்டை அடையாளம் இருந்தால்தான் அது உன் பாதை. கால் மணித்தியாலமாக அதைக் காணவில்லையென்றால் முன்னுக்குப் போய்த் தேடாதே, கடைசியாகக் கண்ட இடத்துக்குத் திரும்பு. கிளீவ் ஹில்தான் ஆக உயரம், 330 மீற்றர். வெட்டைவெளி, ஆடு போன தடமெல்லாம் பாதை மாதிரித் தெரியும். பனிப்புகார் இறங்கினால் திசைகாட்டி இல்லாமல் ஏறாதே. போனில் வரைபடம் இருக்கிறதென்று சொல்லாதே, குளிரில் பற்றரி இறங்கிவிடும். கடதாசி வரைபடம் கொண்டு போ. எட்டு வயதிலேயே உயரக் கோடுகளைப் பார்த்து மலை எந்தப் பக்கம் செங்குத்து என்று சொன்ன பிள்ளை நீ. எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் அது வராது. ஆனால் போன் அடித்தால் மட்டும் எடுக்கமாட்டாய்.

கன்றோடு நிற்கிற மாடுகளுக்கு நடுவால் போகாதே, சுற்றிப் போ. அவசரத்துக்கு 999. குறுஞ்செய்தியாலும் அழைக்கலாம், ஆனால் அதற்கு முதலே பதிய வேண்டும், இன்றைக்கே செய். நாலரையை மறவாதே.

குதிக்காலில் சூடு தெரிந்த உடனே நில். சப்பாத்தையும் கால்மேசையும் கழற்று, தோலைக் காயவிடு, மடிப்பு விழாமல் நாடா ஒட்டு, மாற்றுக் கால்மேசு போடு. ஈரத் தோல்தான் உரசிக் கொப்புளிக்கும். ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் மிச்ச நாள் முழுவதும் நொண்டி நடப்பாய்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் கிளீவ் ஹில்லில் வைத்து, "குதி எரியுதப்பா" என்றாய். "இன்னும் கொஞ்சத் தூரம்தான், பொறு" என்றேன். மூன்று மைல் இருந்தது, எனக்குத் தெரியும். கீழே வந்து பார்க்கக் கால்மேசெல்லாம் இரத்தம். வைகாசியில் நீ போனில் அழுதபோதும் அதே சொல்லைத்தான் சொன்னேன். எங்கே நோகிறது என்று கேட்கவில்லை. ஆட்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் யோசித்தேன். பிழை என்னுடையது, துளசி. அம்மா அப்போதே சொன்னா, நான் கேட்கவில்லை.

பெயின்ஸ்விக் பாதி வழிக்குக் கொஞ்சம் முன்னே. அங்கிருந்து ஸ்ட்ரவுட்டுக்கு பஸ் இருக்கிறது, ஸ்ட்ரவுட்டிலிருந்து லண்டனுக்கு நேரே ரயில். ஆறாம் நாள் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலரை வரை ஸ்ட்ரவுட் ஸ்ரேசனுக்கு வெளியே காரோடு நிற்பேன். புட்டும் காய்ந்த கால்மேசு மூன்று சோடியும் கொண்டு வருவேன். வர மனமில்லையென்றால் வரவேண்டாம், நட. வந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீ சொன்னால் கேட்பேன்.

அன்புடன்
அப்பா